பையில் வந்த பல் சக்கரம்

கியருக்குப் பல் வெட்டும் இயந்திரத்துக்குக் கடைசியாக வேலை வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் தேவராஜ் தினமும் காலை எட்டரைக்கு அதைப் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டார். ஓடாமல் கிடந்தால் எண்ணெய் கீழே இறங்கி நின்றுவிடும்; பிறகு திடீரென்று ஓட்டினால் உலர்ந்த பாகங்கள் உரசித் தேயும். பத்து நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, காட்டன் வேஸ்ட் நூலால் மேசையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில் கிருபா கியர்ஸ் ஒற்றை ஷட்டர் பட்டறை. தேவராஜ் பல் வெட்டுவார். டில்லிபாபு லேத்தில் இரும்பை வட்டமாகக் கடைந்து அவருக்குக் கொடுப்பான். பில் போடுவதும் சரக்கு அனுப்புவதும் போன் எடுப்பதும் சிம்ரன். மாதாமாதம் கியர் வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி ஒன்று, வெளியூரிலிருந்து ரெடிமேடாக இறக்கத் தொடங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஆவடியிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்து இயந்திரத்தை டேப் பிடித்து அளந்தார். பிறகு ஷட்டரின் அகலத்தையும் அளந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம் தேவராஜ்," என்றார் முதலாளி கிருபாகரன். "ஆர்டர் வந்துச்சுன்னா சரி. வரலைன்னா நான் இன்னா பண்றது, சொல்லு."

பல் வெட்டுவது நின்றால், கடைந்து கொடுக்கவும் ஆள் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டில்லிபாபு அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை முழுதாக வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனான்.

முகப்பேரில் இருந்த முதலாளியின் மருமகன் ஐடி வேலையில் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன் பட்டறைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். இப்போது மூன்று டூல்களின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஜனங்கள் இணையத்தில் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று அவை சொல்லுமாம். அந்த வார்த்தைகளைத் தளத்தில் எழுதினால் தேடுகிறவர்கள் நம்மிடம் வருவார்களாம்.

"ஒண்ணைப் பாத்து எடுத்து வைம்மா," என்றார் முதலாளி சிம்ரனிடம். "சனிக்கிழமை பணம் கட்டிடலாம்."

சிம்ரனுக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும். அத்திப்பட்டில் அவள் வீட்டு மிக்சி நின்றால்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கொடுப்பாள். மேசையில் டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேலையில்லாத தேவராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"டூல் டூல்னு சொல்லிகினு கீறாரு மொதலாளி. நம்மகிட்ட இல்லாத டூலா?"

"இது வேறண்ணா. தோ பாருங்க." முதல் டூலைத் திறந்தாள். அது விளம்பரம் கொடுப்பவர்களுக்காக வைத்தது, காசு கிடையாது. 'கியர் தயாரிப்பாளர் சென்னை' என்று போட்டதும், மாதம் நூறிலிருந்து ஆயிரம் பேர் வரை தேடுவதாகக் காட்டியது.

"நூறா, ஆயிரமா?"

"கரெக்டா சொல்லாதுண்ணா. குத்துமதிப்புதான். கரெக்டா வேணும்னா அடுத்தது."

இரண்டாவது டூலுக்கு ஏழு நாள் இலவசம். அதன் பிறகு மாதக் கட்டணம், டில்லிபாபுவின் அரை மாதச் சம்பளம். அழகாக இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். வார்த்தைக்கு எதிரே எத்தனை பேர் தேடுகிறார்கள், அதில் முன்னால் வருவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு மதிப்பெண். 'கியர் தயாரிப்பாளர் சென்னை'க்குச் சிவப்பு வட்டம்.

"செவப்புன்னா?"

"ஏற்கெனவே பெரிய பெரிய கம்பெனிங்க வரிசையில நிக்குறாங்க. நம்ம போனா அம்பதாவது ஆளா நிக்கணும். யாரு அம்பது வரைக்கும் பாக்கப் போறாங்க?"

"செவப்ப வுடு. நம்ம வேலையோட பேரப் போடு. கியர் ஹாப்பிங்."

அவள் 'கியர் ஹாப்பிங் ஜாப் ஒர்க் அம்பத்தூர்' என்று அடித்தாள். பச்சை வட்டம் வந்தது. எதிரே பூஜ்யம்.

தேவராஜ் திரையையே பார்த்தார். "ஒருத்தன் கூடத் தேடலியா? முப்பது வருசமா பண்ணிகினு கீறேன்."

"பூஜ்யம்னா ஒருத்தரும் இல்லனு இல்லண்ணா," என்றாள் சிம்ரன் அவசரமாக. "இந்த டூல் எல்லாரையும் எண்ணல. கொஞ்சம் பேரைப் பாத்து, அதை வெச்சு மொத்தத்தைக் கணக்குப் போடுது. பத்துப் பேரு, அஞ்சு பேரு தேடுறதெல்லாம் அதோட கண்ணுக்கே தெரியாது."

லேத்திலிருந்து டில்லி குரல் கொடுத்தான். "எண்ணத் தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு என் சம்பளத்துல பாதி?"

அப்போதுதான் ஷட்டர் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வண்டியிலிருந்து இறங்கியவர் பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். டங் என்று சத்தம் வந்தது. வேலப்பன்சாவடியில் காலேஜ் வாசலில் கரும்பு ஜூஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்; பெயர் வேலுசாமி, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பைக்குள் ஒரு பல் சக்கரம். ஒட்டியிருந்த கரும்புச் சாறு காய்ந்து கறுத்திருந்தது. இரண்டு பல் ஒடிந்திருந்தது.

"அண்ணே, இதே மாதிரி ஒண்ணு வேணும். சீசன் நேரம்ணே. காலையிலருந்து மிஷின் நிக்குது."

தேவராஜ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக அவர் கை வேகமாக நகர்ந்தது. சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார். ஒடிந்த இடம் வந்ததும் நிறுத்தாமல் அங்கேயும் விரலை வைத்து இரண்டு எண்ணினார்.

"அங்கதான் பல்லே இல்லையே?" என்றார் வேலுசாமி.

"இல்லாததையும் எண்ணணும் நைனா. கீறத மட்டும் எண்ணினா உம் மிஷின்ல மாட்டாது." முப்பது வந்தது. வெர்னியரை வைத்து வெளி விட்டத்தை அளந்தார். தொண்ணூற்றாறு மில்லிமீட்டர். எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் முப்பத்திரண்டு. தொண்ணூற்றாறை அதால் வகுத்தால் மூன்று; அதுதான் பல்லின் அளவு. "மூணு மாட்யூல். கட்டர் கீது. டில்லி, மெட்டீரியல் எடு."

இயந்திரம் ஓடியது. பல் வெட்டும் கட்டர் ஒரு பக்கம் சுழல, இரும்பு வட்டம் அதற்கு இசைந்து மெல்லத் திரும்பியது. சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழ, எண்ணெய் பட்டு லேசாகப் புகைந்தது. வேலுசாமி வாயைத் திறந்தபடி பார்த்தார்.

சிம்ரன் அவரிடம் கேட்டாள். "எங்க வெப்சைட்ட பாத்துட்டா வந்தீங்க சார்?"

"வெப்சைட்டா? இல்லம்மா. போன்ல தேடினேன், ஒண்ணும் வரல. நாலு லேத்துக் கடையில ஏறி எறங்கி, கடைசியா ஒருத்தர் இந்தத் தெருவச் சொன்னாரு. ரெண்டு மணி நேரம் போச்சு."

"என்னானு தேடினீங்க?"

அவர் போனை நீட்டினார். 'கரும்பு ஜூஸ் மிஷின் பல் சக்கரம் உடைஞ்சுது' என்று இருந்தது. மைக்கில் பேசித் தேடியிருக்கிறார்.

சிம்ரன் அதை இரண்டு தடவை படித்தாள். தங்கள் தளத்தில் 'ஸ்பர் கியர்', 'ஹெலிக்கல் கியர்', 'மூன்று மாட்யூல்' என்றெல்லாம் இருந்தது. கரும்பு என்ற சொல் எங்குமே இல்லை.

மருமகன் அனுப்பிய மூன்றாவது பெயரை அவள் இன்னும் திறந்திருக்கவில்லை. அதற்கும் காசு கிடையாது. ஊரெல்லாம் என்ன தேடுகிறது என்று அது சொல்லாது. இந்த ஒரு தளம் யார் யார் தேடியபோது திரையில் வந்தது, எத்தனையாவது இடத்தில் வந்தது, யாராவது அதைத் தொட்டார்களா என்பதை மட்டும் சொல்லும். முதல் பக்கத்தில் பட்டறைப் பெயர்தான் திரும்பத் திரும்ப இருந்தது. அவள் கீழே இறங்கிக்கொண்டே போனாள். நான்காவது பக்கத்தில், இரண்டு தரம், ஒரே ஒரு தரம் வந்த தேடல்கள் தொடங்கின.

"அண்ணா, கொஞ்சம் வாங்களேன்."

"மெஷின் ஓடிகினு கீது. அங்கிருந்தே படி."

"பரோட்டா மாவு மிஷின் கியர். கலவை மிஷின் சக்கரம் ஆவடி. பேக்கரி மிக்சர் பல்லு போச்சு. எல்லாத்துலயும் நம்ம அறுபதாவது, எழுபதாவதா வந்திருக்கோம். ஒருத்தரும் தொடல." அவள் குரல் உயர்ந்தது. "கியரோட பேரு யாருக்கும் தெரியலண்ணா. நின்னுபோன மிஷினோட பேரைத்தான் போடுறாங்க."

தேவராஜ் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "அப்டித்தாம்மா வருவானுங்க. எவன் மாட்யூலு சொல்லிகினு வந்தான்? பையில போட்டுகினு வருவான். இந்த மிஷின் ஓடல, இதே மாரி ஒண்ணு குடும்பான்."

வேலுசாமி புதுச் சக்கரத்தோடு போன பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள். முப்பது வருடத்தில் பையில் வந்த சக்கரங்கள் எந்தெந்த மிஷினுடையவை என்று தேவராஜ் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கரும்பு, மாவு பிசைவது, கான்கிரீட் கலப்பது, மிளகாய் அரைப்பது, பேப்பர் வெட்டுவது, ஐஸ் உடைப்பது.

"ராட்டினம்," என்றான் டில்லி. "திருவேற்காடு திருவிழாவுல நின்னுச்சே, மேல மாட்டிகினு ஒரு பொண்ணு அழுதுச்சே."

"அந்தப் பொண்ணு உன் ஆளுதானடா," என்றார் தேவராஜ்.

"அதனாலதாண்ணா ஞாபகம் கீது."

மிஷினுக்கு ஒரு பக்கம் என்று சிம்ரன் தளத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதினாள். ஒவ்வொன்றிலும் ஒடிந்த சக்கரத்தின் படமும், அதை எப்படிக் கழற்றி எடுத்து வர வேண்டும் என்ற குறிப்பும். தமிழில் ஒரு தடவை, பேச்சுத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை. ஜனங்கள் இரண்டு மாதிரியும் தேடியிருந்தார்கள்.

சனிக்கிழமை முதலாளியிடம் சொன்னாள். "எதையும் வாங்க வேணாம் சார். காசு குடுக்குறது நெறைய சரக்கு விக்கிறவங்களுக்குத்தான் சரி. நம்மளத் தேடுறவங்க கொஞ்சம் பேரு. அவங்க என்ன கேட்டாங்கங்கிறத இந்த ஃப்ரீயா கெடைக்கிறதே காட்டிடுது. வாராவாரம் பாத்து எழுதினா போதும்."

"அடி சக்கை," என்றார் கிருபாகரன்.

"இன்னொண்ணு இருக்கு சார்." அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நெறைய பேரு பின்னாடி ஒரு வார்த்தை சேத்துத் தேடுறாங்க. 'இன்னைக்கே.' 'ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா.' சனிக்கிழமை சாயங்காலம் மாவு மிஷின் நின்னா, ஞாயித்துக்கிழமை கடை ஓடாதுல்ல? இந்த ஏரியாவுல ஞாயிறு தொறந்திருக்கோம்னு யாருமே போடல."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப அதையும் போட்டுடு."

"ஞாயிறா?" என்றார் தேவராஜ்.

"போடட்டும்ணா," என்றான் டில்லிபாபு. "மெஷின் போவாம இருக்கட்டும் மொதல்ல."

சிம்ரன் மேப்பில் பட்டறையின் நேரத்தைத் திறந்தாள். ஞாயிறுக்கு எதிரே இருந்த 'மூடப்பட்டிருக்கும்' என்பதை எடுத்துவிட்டு, ஒன்பது முதல் ஆறு என்று போட்டாள்.

அதற்கு ஒன்பதாம் நாள் முதலாவது போன் வந்தது. முகப்பேர் பேக்கரி ஒன்றிலிருந்து. மறுநாள் இரண்டு. மாதம் முடிவதற்குள் இருபத்தாறு சக்கரங்கள் பையிலும் சாக்கிலும் துண்டில் சுற்றியும் வந்து சேர்ந்தன. பரோட்டா மாவு மிஷின் இப்போது முதல் பக்கத்தில் மூன்றாவதாக நின்றது. சிம்ரன் அதைப் படம் பிடித்து டில்லிக்கு அனுப்பினாள், அவன் அதை ஸ்டேட்டஸில் வைத்தான். ஆவடிக்காரர் போன் செய்தபோது, "இல்லீங்க, இப்போதைக்குக் குடுக்கறதா இல்ல," என்று கிருபாகரன் சொன்னதை மூன்று பேரும் கேட்டார்கள். அன்று சாயங்காலம் வேலுசாமி ஆறு டம்ளர் கரும்பு ஜூஸ் கொண்டுவந்தார். தேவராஜ் இரண்டு குடித்தார்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவர் முதலாளியிடம் கேட்டார்.

"சார், ஞாயித்துக்கெயமைக்குத் தனியா ஏதாவது..."

"மெஷினே போறதா இருந்துச்சே தேவராஜ்," என்றார் கிருபாகரன் அன்பாக. அவர் தோளில் தட்டிவிட்டுக் காரை எடுத்தார். குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்க்கொண்டிருந்தார். பின்சீட்டில் மருமகன் கையசைத்தான்.

டில்லிபாபு கிரிக்கெட் ஜெர்சியோடு வந்திருந்தான். கொரட்டூர் ஏரிக்கரை மைதானத்தில் ஏழு மணிக்கு ஆரம்பித்த மேட்சில் முதல் நாலு ஓவர் மட்டும் ஆடிவிட்டு, வேறு ஒருவனை நிறுத்திவிட்டு வந்தான். லேத்தை முடுக்கியபடி, "நான் கெளம்பி வந்தப்புறம்தான் ஜெயிக்கிறானுங்க," என்றான்.

மேசையில் போன் அடித்தது. சிம்ரன் எடுத்தாள்.

"ஆமா சார், தொறந்துதான் இருக்கோம். எந்த மிஷின் சார்? ஒடைஞ்சத அப்படியே எடுத்துட்டு வந்துடுங்க. இன்னைக்கே ஆயிடும்."

ஓய்வில்லாமல் ஓடியதில் பல் வெட்டும் இயந்திரத்தின் அடியில் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. தரையில் வழுக்காமலிருக்க எதையாவது வைக்க வேண்டும். தேவராஜ் சுற்றிலும் பார்த்தார். ஷட்டருக்குப் பின்னால் கொக்கியில் ஒரு தகரப் பலகை தொங்கியது. அதை எடுத்து நாலு ஓரத்தையும் சுத்தியலால் தட்டி மடித்துத் தட்டு மாதிரி ஆக்கினார். குனிந்து இயந்திரத்தின் அடியில் தள்ளி, கசிவுக்கு நேராக வைத்துவிட்டு எழுந்தார். 'ஞாயிறு விடுமுறை' என்ற சிவப்பு எழுத்துகளின் மேல் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.