அம்மனுக்கு வியர்த்த வருடம்

1966 ஆடி மாதம் நேமத்தான்பட்டி அம்மன் சிலையின் முகத்தில் சுருக்கம் விழுந்தது. கருங்கல்தான்; ஆனாலும் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் கோடுகள் ஓடின. பூசிய சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குளிரக் குளிர அபிஷேகம் செய்தும் சற்று நேரத்தில் அம்மனுக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ஊர் ஆண்கள் கூடி, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளிலிருந்து வரும் சிமெண்டுத் தூசிதான் காரணம் என்று முடிவு செய்து, காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். ஐம்பது வயதை ஒட்டிய பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்குப் பார்த்ததுமே அது என்னவென்று தெரிந்துவிட்டது.

ஏன் என்பது தேனம்மை ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும். முந்தின ஆண்டே அவளுக்கு மாதவிலக்கு நின்றிருந்தது. அதோடு தோலும் வறண்டு, கழுத்தும் கையும் அரித்து, நினைத்த நேரத்தில் உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. காரைக்குடி டாக்டர் கொடுத்த களிம்பு பாத்திரம் விளக்கக்கூட உதவாது. இந்த நேரம் பார்த்து, பினாங்கில் தொழில் செய்த அவள் கணவர் மெய்யநாதன் பல வருடம் கழித்துத் தையில் ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர் விட்டுப்போன முகத்துக்கு எங்கே போவது என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அந்த ஆண்டு அம்மனுக்குப் பூக்கொடுக்கும் முறை அவள் வீட்டுக்கு. முறைக்காரர்கள் பூவை முகரக்கூடக் கூடாது. தேனம்மையோ தாமரை, ரோஜா, ஆவாரம்பூ எல்லாவற்றையும் இட்லிக் கொப்பரையில் அவித்து, மூடியில் கோத்த நீரை வழித்து, தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் குழைத்துக்கொண்டாள். வெந்த பூக்கள் வாடவில்லை. மணம் மட்டும் போயிருந்தது. அவற்றையே தொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினாள். பூசப் பூச எரிச்சல் அடங்கித் தோல் வழவழவென்றானது. இளைய ஓரகத்தி பெத்தாச்சி, "பினாங்குப் பவுடரா ஆச்சி?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அம்மன் முகம் சுருங்கிய நாளிலிருந்து தேனம்மைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பூசுவதை நிறுத்தவில்லை. அவர் வரும்வரைக்கும்தானே என்று தள்ளிப்போட்டாள். தெரியாமல் செய்ததைவிட, தெரிந்தபின் செய்த இதைத்தான் அவளால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் வந்துவிட்டது என்று கேட்ட அன்று, மிச்சக் களிம்பைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு பூசாரி முத்துவீரனிடம் போனாள்.

"இதை ஆத்தா முகத்துல பூசிவிடு முத்துவீரா. அவ பூவைத்தான் நான் அவிச்சுப் பூசிக்கிட்டேன்."

முத்துவீரன் கிண்ணத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஐயா நாளைக்கு வாராகளே. உங்களுக்குக் கொஞ்சம் வச்சுக்கிறீகளா ஆச்சி?"

"வேணாம். என் வயசுக்குள்ளது எனக்கே வரட்டும்."

பூசியதும் கல்முகம் தெளிந்தது. கண்ணோரச் சுருக்கமும் வியர்வையும் மட்டும் போகவில்லை. விடிவதற்குள் தேனம்மையின் தோல் பழையபடி வறண்டது. மெய்யநாதன் வந்து இறங்கினார். அவருக்குப் பாதிப் பல் இல்லை. "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அதன்பிறகு, அம்மனுக்குச் சாத்திக் கழித்த பூவில்தான் களிம்பு செய்து, கேட்ட பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். அவர்களுக்கு நன்றாகவே குணம் தெரிந்தது. அவள் மட்டும் தொடவில்லை; அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, மதியம் தவறாமல் அம்மனுக்கு விசிறினாள். 1974 பங்குனியில் அம்மனின் தாடையிலிருந்து ஒரு வியர்வைச் சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. அந்த இடம் மட்டும் கல்யாணத்தன்று இருந்த தோலாகி, சாகும்வரை அப்படியே இருந்தது. அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு விசிறினாள்.