குழாய்க்குள் உறைந்த அடைப்பு

அந்த மருத்துவமனையில் பைப்பு வேலை பார்த்தவரை எல்லோரும் ‘வால்வு அண்ணன்’ என்றே கூப்பிட்டார்கள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். அப்பேர்ப்பட்டவருக்கே அன்று காலை அடித்தளத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய குழாயிலிருந்து சமையலறைக்குப் பிரியும் மூன்றங்குலக் குழாயின் வால்வில் மயிரிழை விரிசல். எந்த நேரமும் வாய்பிளக்கலாம். வால்வை மாற்றலாம் என்றால், பெரிய குழாய்க்கும் இதற்கும் நடுவே தண்ணீரை நிறுத்த வேறு வழியே இல்லை. பெரிய குழாயையே மூடினால் மூன்றாம் மாடியில் டயாலிசிஸ் நின்றுபோகும். அங்கே பதினோரு பேர் படுத்திருந்தார்கள். அதில் ஒருவன் அவருடைய மச்சினன்.

மேலாளர் யாரையோ ஃபோனில் பிடித்தார். ஒரு மணி நேரத்தில், இடுப்புயர உலோகக் குடுவை ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினாள்.

“பெரிய குழாயைத் தொட வேண்டாம்ண்ணே. இந்தச் சின்னக் குழாய்க்குள்ள இருக்கிற தண்ணியையே உறைய வச்சு அடைச்சிடலாம்.”

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மேல தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. அந்த அழுத்தத்தை ஐஸ் தாங்குமா?”

“தாங்கும். ஆனா உள்ள தண்ணி அசையாம நிக்கணும். ஓடுச்சுன்னா உறையாது. சமையலறைக் குழாய் எல்லாம் மூடியிருக்கா?”

“அது என் பொறுப்பு. எல்லாம் மூடியாச்சு.”

விரிசலைச் சுற்றி அவர் ரப்பர் வைத்து இறுக்கினார். அடித்தளத்தில் மூச்சு முட்டாமல் இருக்க அவள் கதவுகளைத் திறந்து போட்டு, பெரிய விசிறியை ஓடவிட்டாள். பிறகு வால்வுக்கு முன்னால் குழாயைச் சுற்றி ஓர் உறையைப் பூட்டி, குடுவையிலிருந்து அதற்குள் ஊற்றினாள். வெள்ளையாகப் பொங்கி வழிந்தது.

“புகையா?”

“காத்துல இருக்கிற ஈரம்ண்ணே, குளிர்ல துளித்துளியா ஆகுது. நான் ஊத்துறது நைட்ரஜன். நாம இழுக்கிற மூச்சுல முக்காவாசி அதுதான். குளிர வச்சுக்கிட்டே போனா அதுவும் தண்ணி மாதிரி ஆயிடும்.”

நாற்பது நிமிடம் ஆயிற்று. குழாயைத் தட்டிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். “பிடிக்கலையே. எங்கேயோ தண்ணி ஓடுதுண்ணே.”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. படியேறி ஓடினார். சமையலறையில் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. கடைசியில் பின்கட்டில், போன வருடம் புதிதாக இழுத்த ரப்பர் குழாய் ஒன்று, பாத்திரம் ஊறப்போட்ட டிரம்முக்குள் நூல் போல ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டு, மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“என் தப்புதாம்மா. ஒண்ணு விட்டுப்போச்சு.”

“இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒண்ணுதானே?” என்றவள் மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள்.

இந்த முறை உறைக்கு இரண்டு பக்கமும் குழாயின்மேல் வெண்பனி கனத்துப் படர்ந்தது. வால்வுக்கு அந்தப் பக்கமிருந்த வடிகுழாயை அவள் திறந்தாள். தேங்கியிருந்த தண்ணீர் சீறி, மெலிந்து, சொட்டி, அடங்கியது.

“கழட்டுங்கண்ணே.”

அவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். வால்வு கையோடு வந்தது. தண்ணீர் வரவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். குழாயின் வட்டத்தை இம்மி இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் பால் கலந்தாற்போல, ஐஸ். அதற்குப் பின்னால் ஒரு தொட்டித் தண்ணீரின் பாரம். இத்தனை வருடம் தண்ணீரை இரும்பாலும் பித்தளையாலும் தடுத்துப் பழகியவர், தண்ணீரே தண்ணீரைத் தடுத்து நிற்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

“அண்ணே, பார்த்தது போதும். மாட்டுங்க,” என்று அவள் சிரித்தாள்.

இருபது நிமிடத்தில் புது வால்வு ஏறியது. உறையை எடுத்ததும் பனி தானாகக் கரைந்தது. ஊற்றிய நைட்ரஜனோ காற்றோடு காற்றாகப் போயே போய்விட்டது.

மூன்றாம் மாடியில் மச்சினன் இயந்திரத்தோடு படுத்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் நடந்ததை ஒன்று விடாமல் கொட்டினார். “அந்தப் பொண்ணு மாதிரி வேலை தெரிஞ்ச ஆள நான் பார்த்ததே இல்லடா. ஐஸ் வச்சே தண்ணிய நிறுத்திட்டா!”

“நீங்க அவங்களுக்கு ஐஸ் வைக்கிற மாதிரியில்ல இருக்கு மாமா,” என்றான் மச்சினன். “அக்காகிட்ட சொல்லவா?”

“நானே சொல்லப் போறேன்டா,” என்றார் அண்ணன், இன்னும் சில்லிட்டிருந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே.