டைரக்டர் ஆரோக்கியராஜ்

“நீங்கதான் டைரக்டரா?” என்று அந்த அம்மா கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. விழுப்புரத்தில் வரி ஆபீஸ் மாடியில் இருக்கிற அதிகாரிக்குக்கூட எங்கள் ஊர் பாஸ்கா நாடகம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

“ஆமாங்கம்மா. எட்டு வருசமா நான்தான்.”

அவர் நெற்றியைச் சுருக்கியபடி எழுதிக்கொண்டார்.

தவக்காலத்தில் ஆண்டவரைச் சிலுவையில் அறையும் அந்த நாடகத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது அழ வேண்டும் என்று சொல்கிறவன் நான். மற்ற நாளெல்லாம் திண்டிவனத்தில் சீனுவாசன் முதலாளியின் மல்லாட்டைக் குடோனில் கடலை மூட்டை தூக்குகிறேன். மூன்று வருடமாக முதலாளி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “டைரக்டரே, லாரி வந்துடுச்சு” என்பார். கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நாடகத்தைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரிப்பேன், மடையன்.

வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்ததும் முதலாளியிடம்தான் எடுத்துப் போனேன். “சும்மா என்கொயரிப்பா. உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வா” என்று பஸ்ஸுக்கும் காசு கொடுத்தார்.

அந்த அம்மா நாலு பில்லை என் முன்னால் பரப்பினார். “போன நவம்பர்ல நாலு லாரி சரக்கு சென்னைக்குப் போனதா இருக்கு. போச்சா?”

“இல்லீங்கம்மா. அந்த மாசம் அடை மழ. குடோன் வாசல்ல முட்டி வரைக்கும் தண்ணி நின்னுக்கினு இருந்துச்சு. நான் ஏத்தாம லாரி நகராதுங்க. ஒரு மூட்டகூட ஏத்தல.”

“சரக்கே போகாம பில் போட்டிருக்கீங்கன்னு நீங்களே சொல்றீங்க.”

“நான் இல்லீங்கம்மா, கம்பெனி.”

“கம்பெனிக்கு டைரக்டர் நீங்கதானே?”

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அதில் என் படம் இருந்தது. தோளில் துண்டு, பின்னால் மூட்டைகள். மூன்று வருடத்துக்கு முன்னால் பி.எஃப்.புக்கு என்று சொல்லி ஒருநாள் கணக்குப்பிள்ளை செல்போனை நீட்டி, பேரைச் சொல்லு, தலையை ஆட்டு என்றார். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று சொன்னேன். படத்துக்குக் கீழே டைரக்டர் என்று போட்டிருந்தது. இன்னொரு டைரக்டர் எங்கள் வாட்ச்மேன் அப்பாதுரை. சீனுவாசன் அக்டோபரிலேயே விலகிவிட்டாராம்.

“கம்பெனிகிட்ட வரிய வசூலிக்க முடியலன்னா டைரக்டருங்ககிட்டதான் வருவோம். உங்க தப்பு இல்லன்னா அத நீங்கதான் நிரூபிக்கணும்” என்றவர், குரலைத் தணித்து, “உங்க பேர்ல சொத்து எதாவது இருக்கா?” என்று கேட்டார்.

பெருமுக்கல் பக்கத்தில் மூன்று சென்ட் பட்டா. ரோஜாவும் நானும் பதினோரு வருடம் கூலிவேலை செய்து கட்டுகிற வீடு. போன வாரம்தான் மேல்தளம் போட்டோம். இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நேராகத் திண்டிவனம் குடோனுக்குப் போனேன். முதலாளி எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். நான் உட்காரவில்லை.

“ஏன் பேஜார் ஆவற? உங்கிட்ட என்னா கீது, புடுங்கிக்க? ஒண்ணும் இல்லாதவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அதனாலதான உன்னப் போட்டேன்” என்றார், எனக்கு நல்லது செய்துவிட்டவர் போல.

“ஊடு கீதுங்க.”

அப்போதுதான் அவர் முகம் மாறியது. “உனுக்கு ஏதுடா ஊடு? அத ஏன் அவங்களாண்ட சொன்ன?”

கணக்குப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. முதலாளி என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மூன்று வருடம் அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ரோஜா மேல்தளத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். தளம் காயாமல் இருக்கச் சிமென்ட் கரை கட்டிய பாத்திகளில் தண்ணீர் வற்றியிருந்தது.

“ஜல்தியா மோட்டார போடு. வெடிச்சிடப் போவுது” என்றாள். “ஆபீஸ்ல என்னா கேட்டாங்க?”

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் இரைந்தது.

“என்னா கேட்டாங்கன்னு கேக்கறேன்!”

குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே, முதல் பாத்தியிலிருந்து நிரப்பத் தொடங்கினாள்.