பாடகி பிறக்காத வீடு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பித்தளைத் தகடு. பெரிய மனிதர் பிறந்த வீட்டுச் சுவரில் தகடு அடிப்பது எங்கள் ஹிர்ஷல்பாக் ஊர் வழக்கம். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஊரை விட்டு ஓடியவர்கள்தாம். ஓடாமல் இருந்தவர்களுக்குக் கல்லறையில் மட்டும் பெயர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பாடகி ஒட்டிலி பிராண்டாவ் பிறந்த அன்று பனி...

வேண்டாம். [பனி கிடக்கட்டும். எந்த வீட்டில் பிறந்தாள் என்பதிலேயே சிக்கல்.]

2

இர்ம்கார்டிடமிருந்து தொடங்குகிறேன். ஆலைத் தெரு பதினான்காம் எண் வீடு அவளுடையது. பாடகி பிறந்த வீடு என்று அங்கே தகட்டை மாட்டியவன் இர்ம்கார்டின் கணவன் ரூடி. தகடு கொஞ்சம் கோணல். ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் படமெடுக்க வருவார்கள். இந்த ஜன்னலில் நின்றுதான் ஒட்டிலி பாடிப் பழகினாள் என்று ரூடி சத்தியம் செய்வான். திரைக்குப் பின்னால் இர்ம்கார்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போன வருடம் ரூடி செத்துப்போனான். தகட்டை அவள் இன்னமும் துடைக்கிறாள்.

3

ஊர் வரலாற்றுச் சங்கத்து எக்கார்ட் திருப்புளியோடு வந்தான். அந்தக் காலத்தில் வீடு கட்டிய வரிசைப்படி எண் போட்டார்களாம். தெருவாரியாக எண் வந்தது பிறகுதானாம். பாடகி பிறந்த பழைய பதினான்கு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிறதாம்.

"பதினாலுன்னு பாத்து இந்த வீட்டக் காட்டினது நான்தான். தப்பு என்னோடது, இர்ம்கார்ட். ரூடியச் சொல்லல."

"அவன் இருந்தப்ப சொல்லியிருக்கலாம்ல? கோணலா மாட்டிட்டான்னு மட்டும் பாக்கறப்பல்லாம் கிண்டல் பண்ணின."

"கோணல்தானே."

"கோணல்தான். நீ கொண்டுபோய் அங்க நேரா மாட்டிருவ. அப்புறம் ரூடி இந்த ஊர்ல எங்க இருப்பான்?"

[இந்த இடத்தில் எக்கார்டைக் கல்நெஞ்சனாக்கப் பார்த்தேன். வரவில்லை. அவனும் ரூடியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.]

4

நான் எழுதிய ஒரு முடிவில் எக்கார்ட் தகட்டைக் கழற்றுகிறான். சுவரில் வெளுத்த கோணல் சதுரம் மிஞ்சுகிறது. இன்னொன்றில் அவன் திரும்பிப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் நின்று இர்ம்கார்ட் சத்தியம் செய்கிறாள். முதலாவது பாடகிக்கு நியாயம். இரண்டாவது ரூடிக்கு. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இப்போது இர்ம்கார்ட் காபி போட உள்ளே போயிருக்கிறாள். கதவைச் சாத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எக்கார்ட் திருப்புளியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நிற்கிறான்.

வாசகரே, திருப்புளியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு திருகாணிகள். லேசில் வராது. ரூடி முடுக்கியது.