பூச்சரம் தாண்டிய தாய்மாமன்

ஒச்சம்மாளின் புருஷன் சுருளிவேலுக்கு நடுக்குவாதம். கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும், நடந்துகொண்டே இருக்கும்போது கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்வதுதான் வினை. வாசற்படி வந்தால் போதும், மனுஷன் நட்ட கல். திண்டுக்கல் டாக்டரோ, இதற்குக் கேட்கிற மருந்து தன்னிடம் இல்லை, உட்கார வைக்காமல் நடக்க விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் எரியோட்டில் அவர் தங்கை பேச்சாயி மகளுக்குக் கல்யாணம். பந்தல் வாசலிலிருந்து மணமேடைவரை தாய்மாமன் சீர்த்தட்டு சுமக்க வேண்டும். அண்ணனுக்கு எதற்குச் சிரமம், நானே சுமக்கிறேன் என்று தம்பி சோலைமுத்து பட்டு வேட்டியே எடுத்துவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து சுருளிவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒச்சம்மாள் ஒன்றைக் கவனித்திருந்தாள். வீட்டு வெறுந்தரையில் கல்லாகிறவர், வெங்காயக் காட்டில் மட்டும் வரப்புக்கு வரப்பு கொக்கு மாதிரி கால் தூக்கி வைத்துப் போகிறார். அகத்திக் குச்சிகளை காலடிக்கு ஒன்றாக வீட்டுக்குள் குறுக்கே போட்டாள். ஒவ்வொன்றாகத் தாண்டி அடுப்படிவரை வந்துவிட்டார்.

"ஏன்டி, என்னைய ஆட்டுக்கிடான்னு நெனச்சியா?"

"கிடான்னா இந்நேரம் கயிறு போட்டு இழுத்திருப்பேன். நடங்க."

ஆனால் கல்யாணப் பந்தலில் குச்சி போட்டால் சம்பந்தி வீடு சிரிக்காதா? கல்யாணத்தன்று விடியலிலேயே போய், குச்சிக்குப் பதில் கனகாம்பரச் சரங்களைக் குறுக்கே கிடத்தினாள். இது என்ன என்று கேட்டவர்களிடம், பூவை மிதிக்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மேளம் கொட்டியது. பந்தல் வாசலில் சுருளிவேல் நட்ட கல்லானார். தட்டில் தேங்காய் தனியாகத் தாளம் போட்டது. சோலைமுத்து கையை நீட்டினான்.

"அண்ணே, குடுங்க."

"செத்த பொறுங்க கொழுந்தனாரே," என்ற ஒச்சம்மாள் புருஷன் காதருகே குனிந்தாள். "ஏங்க, கீழ பாருங்க. வரப்பு."

பார்த்தார். வலது கால் எழும்பியது. ஒரு சரம், அடுத்த சரம் என்று தாண்டித் தாண்டி மேடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். பேச்சாயி தட்டை வாங்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

பின்னால் வந்த சொந்தபந்தம் மொத்தமும் பூவை மிதிக்கப் பயந்து, அதே மாதிரி கால் தூக்கி வைத்து வந்தது. சோலைமுத்து பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டான். சம்பந்திக் கிழவர் வாய் பார்த்தபடி, இது உங்கள் குல வழக்கமா என்று விசாரித்தார்.

"ஆமாங்கய்யா," என்றாள் ஒச்சம்மாள், "தாய்மாமன் நடக்கிற வழக்கம்."

மேடையில் சுருளிவேல் மெல்ல அவளைக் கூப்பிட்டார். "பந்திக்கு எப்படிடி போறது?"

அவள் மடியைத் தட்டிக் காட்டினாள். "இன்னும் பத்து முழம் இருக்கு. வாங்க."