மெத்தைக்கடைச் சுவரில் ஒரு கோடு

ஓர் உயிரின் விலை நானூறு. குழந்தைகளுக்குப் பாதி.

விலை வைத்தவர் மெத்தைக்கடை முதலாளி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலே ஏரிக்கரை உடைந்து கடைத்தெருவுக்குள் தண்ணீர் பாய்ந்தபோது, தெருவின் தாழ்ந்த கோடியில் மாடி இருந்தது அவர் கடைக்கு மட்டும்தான். அவர் படிக்கட்டின் வாயில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தலைக்கு நானூறு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினார். குழந்தைகளுக்குச் சலுகை கொடுத்தாரே என்பதற்காக அவரைத் தங்கமான மனுஷர் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் தெருவில் உண்டு. தங்கம் என்ன விலை விற்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு மட்டக்காரியிடமும் அவள் புருஷனிடமும் சேர்த்து இருந்தது நானூற்று முப்பது. அவர் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர். அவள் மட்டம் பார்க்கிறவள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்து, எது மேடு எது பள்ளம் என்று விரற்கடை பிசகாமல் சொல்லிவிடுவாள். பெயரே அதுவாகிப் போனது. புருஷன் முதலில் அவளைப் படியேற்றினார்.

"எனக்கு அப்புறமா தர்றேன் முதலாளி. வேலை நடக்கிற இடத்துல கூலிப் பணம் வெச்சிருக்கேன்."

"அதுக்கென்ன, போய் எடுத்துட்டு வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

எடுக்கப் போனவர் மூன்றாம் நாள்தான் கிடைத்தார். சட்டைப் பையில் கூலிப் பணம் நனைந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் குறையவில்லை.

அதற்குப் பிறகு மட்டக்காரி அழுது யாரும் பார்த்ததில்லை. சிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுக்கு அவ அழுதிருக்கலாம் என்பார்கள்.

மழையும் முன்னைப் போல இல்லை. மூன்று மாதத்துக்குப் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டிவிட்டுக் காணாமல் போகிறது. அடுத்த வெள்ளம் வருமா என்ற பேச்சு மாறி, எந்த மாதம் வரும் என்ற பேச்சு தொடங்கியபோது கடைத்தெருக்காரர்கள் கமிட்டி போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவர். செலவில் நகராட்சி பாதி, தெரு பாதி. ஒவ்வொரு கடை வாசலிலும் இரும்புத் தடம் பதித்து, வெள்ளம் வந்தால் அதில் ரப்பர் ஓரம் வைத்த பலகைகளைச் சொருகிவிட வேண்டும். போன வெள்ளம் தொட்ட கோட்டுக்கு மேல் இருபது சென்டிமீட்டர் பலகையின் உயரம். தாழ்ந்த கோடியில், மெத்தைக்கடைக்கு நேரெதிரே இருக்கும் நகராட்சிக் கிடங்கின் மொட்டைமாடிக்கு வெளியிலிருந்தே ஒரு படிக்கட்டு கட்ட வேண்டும். தெருவுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.

"அந்தப் படிக்குக் கதவு வெக்கக் கூடாது" என்றாள் மட்டக்காரி.

"ஆடெல்லாம் ஏறுமேம்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஏறட்டும்ண்ணே. பாவம், அதுங்ககிட்ட ஏது காசு?"

கூட்டத்தில் பத்துப் பேர் சிரித்தார்கள். மெத்தைக்கடை முதலாளியும் சிரித்தார். அவருக்குத் தோல் கொஞ்சம் தடிமன்.

அவரவர் கடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அங்கேதான் இந்தத் தெருவுக்கே உரிய புத்தி வேலை செய்தது. ஒருவன் சரக்கைப் பற்றி அவன் சொன்னதுக்குமேல் இன்னொருவன் கேட்பதில்லை என்பது அங்கே பரம்பரை மரியாதை. அந்த மரியாதையைத் தண்ணீருக்கும் கொடுத்தார்கள். அவரவர் சுவரில் அவரவரே கோடு போடலாம். மட்டக்காரி அளந்து எழுதிக்கொள்வாள். மறுகேள்வி கிடையாது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

மெத்தைக்கடை முதலாளி அப்போது கடையை அடமானம் வைத்துப் பேங்க்கில் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் கோடு உயர்ந்தால் கடன் தாழும். பழைய கறை தெரியாதபடி சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, முழங்காலுக்குக் கீழே நீலச் சாக்பீஸால் அழகாக ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்.

மட்டக்காரி டேப்பை வைத்தாள். முப்பத்தைந்து.

அந்தச் சுவரில் தண்ணீர் நின்ற உயரம் அவளுக்கு மனப்பாடம். அன்றைக்குப் புருஷனை எதிர்பார்த்து அவள் நின்றது எட்டாவது படியில். தண்ணீர் ஏழாவதைத் தொட்டுக்கொண்டிருந்தது. படிக்குப் பதினெட்டு. ஏழு பதினெட்டு நூற்று இருபத்தாறு.

"இவ்வளவுதானா முதலாளி?"

"இவ்வளவுதான். நம்ம கடை கொஞ்சம் மேடு."

அவள் குழாயைத் தையல்கடை வாசலுக்கும் இங்கேயுமாகப் பிடித்தாள். மெத்தைக்கடைத் தரை ஒரு சாண் பள்ளம் என்றது குழாய்.

"தண்ணி வேற மாதிரி சொல்லுதே."

"தண்ணிக்கு என்னம்மா தெரியும்? பேங்க் மேனேஜருக்குத் தெரிஞ்சா போதாதா?"

"பலகை அம்பத்தஞ்சுதான் வரும். தெருவிலேயே குட்டைப் பலகை உங்களுதுதான். நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது."

"பலகைச் செலவும் மிச்சம்னு சொல்லு!"

அவள் நோட்டை நீட்டினாள். அவர் தாராளமாக, இரண்டு சுழி கூடப் போட்டுக் கையெழுத்திட்டார். பேனாவை மூடும்போது குரலைத் தாழ்த்தினார்.

"உன் வீட்டுக்காரன் விஷயத்துல எனக்கும் மனசு கேக்கல பாத்துக்க. அன்னிக்கு நானும் கொஞ்சம் எறங்கி வந்திருக்கலாம். முன்னூறுக்கு முடிச்சிருக்கலாம்."

மட்டக்காரி சிரித்தாள்.

அவள் வெளியே வந்ததும் பக்கத்துக் கடைத் தையல்காரர் பிடித்துக்கொண்டார். "ஏன் தங்கச்சி, அந்தாளு போட்டது பச்சைப் பொய்க் கோடு. நீ ஒரு வார்த்தை சொன்னா கமிட்டி திருத்திடுமே."

"மறுகேள்வி கிடையாதுன்னு நீங்களும்தானே கை தூக்குனீங்க?"

"அது சரி. அவன் கடைக்குள்ள தண்ணி நின்னா, நடுவுல என் சுவரு என்ன ஆகும்?"

அதை அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "உங்க பக்கம் முழுக்க சிமெண்டு பூசித் தர்றேண்ணே. கூலி வேண்டாம்."

இந்தத் தெருவில் கூலி வேண்டாம் என்று ஒருவர் சொல்வது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். தையல்காரர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

அடுத்த வருஷம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளம் வந்தது.

ஒலிபெருக்கி கத்தியதும், ஒத்திகை பார்த்ததைப் போலவே, பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கப் பலகைகள் ஏறின. ஜனங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடங்குப் படியில் வரிசையாக ஏறினார்கள். மட்டக்காரி முன்கூட்டியே வந்து, படியின் தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஏறியவர்களுக்கு வழிவிட்டாள். கிழவர்களுக்குக் கை கொடுத்தாள்.

எதிரே குட்டைப் பலகையைத் தண்ணீர் சாவகாசமாகத் தாண்டியது.

கடன் வாங்கிய பணத்தில் வந்த சரக்கெல்லாம் அங்கேதான் இருந்தது. மாடி கூரைவரை நிரம்பி, படிக்கட்டிலும் மெத்தை அடுக்கியிருந்தார் முதலாளி. காய்ந்த பஞ்சு மெத்தையை ஒற்றை ஆள் தூக்கலாம். நனைந்ததை நாலு பேர் தூக்க முடியாது. கீழ்ப்படியில் இருந்தவை ஊறி உப்பி, ஒரு காலத்தில் தலைக்கு நானூறு சம்பாதித்த அந்த வழியைச் சொந்தக்காரருக்கே அடைத்துக்கொண்டன. வேலையாட்கள் எப்போதோ இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர் மட்டும் கல்லாப்பெட்டி மிதந்து போவதைப் பார்த்துவிட்டு, மார்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துத் தட்டுத் தடுமாறிக் கிடங்குப் படிக்கு வந்து சேர்ந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூல் தெரிந்தது. அதன் மேல் யார் என்பதும் தெரிந்தது.

வியாபாரி வாய், கேட்டுவிட்டது. "எவ்வளவும்மா?"

மேலே நின்றவர்கள் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நானூறு" என்றாள் மட்டக்காரி.

அவர் சட்டைப் பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். மேலே நின்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் பையில் கை விடவில்லை. தையல்காரர் வானத்தைப் பார்த்தார்.

"இப்ப கையில இல்லம்மா. கடையில…"

"அதுக்கென்ன முதலாளி. போய் எடுத்துட்டு வாங்க. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

அவர் திரும்பிக் கடையைப் பார்த்தார். தெருவுக்குக் குறுக்கே இருபது அடி தூரம்தான். வாசலிலிருந்து ஒரு மெத்தை வெளியே வந்து, சுற்றிச் சுழன்று, தெருவோடு போனது. கயிற்றை அவர் விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்பதைத் தெருவில் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். மட்டக்காரிக்கு அது போதவில்லை.

அந்தப் படிக்குக் கதவு இல்லை. அவளே வேண்டாம் என்று சொன்னது. முதலாளி கையும் காலுமாக ஊன்றி ஏறி வந்தார். ஸ்டூலை அவள் நகர்த்தவில்லை; காலையும் மடக்கவில்லை. அவர் சுவரோடு ஒண்டி, அவள் முழங்காலில் இடிக்காமல் பக்கவாட்டில் நெளிந்து கடந்துபோக வேண்டியிருந்தது. மாடியில் அவர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி நாலு பேர் படுக்கிற அளவு தானாகக் காலியானது. இரண்டு ஆடுகள் மட்டும் விவரம் தெரியாமல் அவர் பக்கத்தில் போய் நின்றன.

தண்ணீர் வடிந்ததும் மட்டக்காரி டேப்பை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். சுண்ணாம்பின் மேல் புதுக் கறை பளிச்சென்று இருந்தது. அளந்தாள். நோட்டில் அவருடைய இரட்டைச் சுழிக் கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் எழுதினாள்:

முதலாளி போட்ட கோடு 35.
பலகை 55.
வந்த தண்ணீர் 131.
பலகைக்கு மேல் 76.
தண்ணீர் புகுந்த மற்ற கடைகள்: இல்லை.
படியேறியவர்கள் 119, ஆடு 2. வசூல்: இல்லை.

கொஞ்ச நேரம் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடியில் இன்னொரு வரி சேர்த்தாள்:

போன வெள்ளத்தில் எடுத்துட்டு வரப் போனவர் 1. திரும்பியவர் 0. பாக்கி 1.