நீலம் மஞ்சளாகும் நாள்கள்

ஜலஜா வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. டெக்சஸ், ஆலனில் ஆறாம் வகுப்பு சயின்ஸ் டீச்சர். அங்கே பாடம் நடத்தக் கூடாதாம். பிள்ளைகளே கேள்வி கேட்டு, பார்த்து, எழுதி, விடை கண்டுபிடிக்க வேண்டுமாம். கோயம்புத்தூரில் நோட்ஸை உருப்போட்டே வளர்ந்தவளுக்கு இது ஏகத்துக்கும் பிடித்துப்போனது.

வெண்பா கேட்டதுதான் வகுப்பிலேயே சூப்பர் கேள்வி. அடிபட்ட இடத்து நீலம் எத்தனை நாளில் மஞ்சளாகும்? சைக்கிளில் விழுந்திருப்பாள் என்று நினைத்து ஜலஜா, "தினம் பார்த்து எழுது கண்ணு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளை நெளிந்தது. இவளுக்கு உறைக்கவேயில்லை, மண்டு!

பத்தாம் நாள் வெண்பாவின் நோட்டைப் பிரித்தாள். முதல் நாள் ஊதா, ஐந்தாம் நாள் பச்சை, எட்டாம் நாள் மஞ்சள். ஒன்பதாம் நாள் மறுபடி ஊதா. காரணம் எழுதும் கட்டத்தில் 'பெல்ட், அப்பா' என்று இங்கிலீஷில் குண்டு குண்டாக எழுதியிருந்தது.

இப்படித் தெரிந்தால் உடனே குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசாங்க நம்பருக்கு போன் பண்ண வேண்டும், வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்று ட்ரெயினிங்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இவளோ நம்ம ஊர்ப் புத்தியைக் காட்டினாள். அப்பன் சேனாபதி பொள்ளாச்சிக்காரர், பொங்கல் விழாவில் ஓடி ஓடிப் பரிமாறுகிற மனுஷன். சம்சாரம் ஊருக்குப் போயிருக்கிறாள். போலீஸ் வந்தால் க்ரீன் கார்டும் போச்சு, மானமும் போச்சு. பக்குவமாய் ஒரு வார்த்தை பேசினால் தீராதா? சாயங்காலமே நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனாள்.

அவரே காபி கலந்து கொடுத்தார். "ஏனுங்ணா, கோவத்துல கை நீட்டிடறீங்களா?" என்று நோட்டை நீட்டினாள். ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"வெண்பா, இங்க வா."

அவள் வந்து நிற்பதற்குள் பெல்ட் அவர் கையில் இருந்தது. முதல் அடியில் பக்கிள் நெற்றியைக் கிழித்தது. "வீட்டு விஷயத்த எழுதி ஸ்கூலுக்குத் தர்றியா நாயே!" விழுந்த பிள்ளையின் விலாவில் உதைத்தார். ஜலஜா பாய்ந்து கையைப் பிடித்தாள். அவளையும் தூக்கிக் கண்ணாடி மேஜைமேல் எறிந்தார். மேஜை நொறுங்கியது. முழங்கையில் கண்ணாடி ஏறியதுகூடத் தெரியாமல் எழுந்து, பக்கத்துச் சமையல் மேடையில் கொதித்துக்கொண்டிருந்த காபியை எடுத்து அந்த மூஞ்சியிலேயே வீசினாள். பாவி அலறினான். பிள்ளையை வாரிக்கொண்டு ஓடி, பூட்டாமல் விட்டிருந்த தன் காருக்குள் தள்ளி, தானும் ஏறிக் கதவைப் பூட்டினாள்.

துரத்தி வந்தவன் பக்கிளால் கார் ஜன்னலை அடித்தான். கண்ணாடி விரிசல் விட்டது. கார் சாவி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பாக்கெட்டிலிருந்த போனை எடுத்து, ரத்தம் வழுக்கும் விரலால் போலீஸ் நம்பர் 911 அழுத்தினாள்.

"பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்" என்று தோளைத் தொட்டாள். வெண்பா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஐ ஷோவ்ட் இட் டு யூ. ஒன்லி யூ. அண்ட் யூ டோல்ட் ஹிம்."

போனில் அட்ரஸ் கேட்டார்கள். வெண்பாவே போனைப் பிடுங்கிச் சொன்னாள்.